குனிந்த சைக்கிள்

பள்ளிக்கூட வாசலில் வைத்து என் சைக்கிள் குனிந்தது.

வேறு எப்படிச் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அது விழவில்லை, சறுக்கவில்லை, எதன் மீதும் மோதவில்லை. ஆட்டோக்களும் அம்மாக்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம் என்பதால் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பின்னால் குழந்தை சீட்டில் என் மகள் யாழினி. முன்னால் கேரியரில் ஷூ அப்பர் பண்டல். முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கைப்பிடி என் கையில்தான் இருந்தது, ஆனால் முன் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் போய்விட்டது.

யாழினி சீட்டிலிருந்து முன்னால் சரிந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை. "அம்மா, சைக்கிள் குனிஞ்சிடுச்சி" என்றாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பண்டலில் இருந்த அப்பர்கள் மண்ணில் சிதறிக் கிடந்தன. மண் பட்டால் செக்கிங்கில் தள்ளிவிடுவார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் துடைத்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "பழைய வண்டிம்மா. எடைக்குப் போட்டுட்டு வேற வாங்கு" என்று யோசனை சொன்னார். பிரேயர் பெல் அடித்தது. யாழினி பையை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவள் முதுகில் அந்தப் பை ஆடிக்கொண்டே போவதைப் பார்த்தபோதுதான் எனக்கு மேம்பாலம் நினைவுக்கு வந்தது. கையில் இருந்த அப்பர் கீழே விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

மேம்பாலம்

எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர ரயில்வே மேம்பாலத்தைத் தாண்ட வேண்டும். ஏறும்போது பாதியில் இறங்கித் தள்ளுவேன். உச்சியில் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் மிதிக்கவே வேண்டாம். யாழினி பின்னாலிருந்து "ஸ்பீடு, ஸ்பீடு" என்பாள். நான் பிரேக்கை விட்டுவிடுவேன். தோல் லாரியும் டவுன் பஸ்ஸும் பக்கத்திலேயே இறங்கும். காற்று காதில் இரையும். எங்கள் இருவருக்கும் அந்த நாளின் நல்ல பொழுது அதுதான்.

அன்றைக்கும் விட்டிருந்தேன். அன்றைக்கும் அவள் கத்திக்கொண்டே வந்தாள். பாலம் இறங்கி, பெட்ரோல் பங்க் தாண்டி, பள்ளிக்கூடத் தெருவில் திரும்பினோம். நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆட்டோக்காரரின் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மூடியைத் திருக என் விரல்களுக்குத் தெரியவில்லை. அவரே திறந்து கொடுத்தார். "அதான் ஒண்ணும் ஆகலியேம்மா" என்று முதுகைத் தடவினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் பாட்டிலைக் குடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்தத் தொடரில் என் வாய்த்துடுக்கைப் பற்றியும் அசட்டுத் தைரியத்தைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டேன். போன வாரம் ஷூ கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியோடு போட்ட சண்டையைப் படித்துவிட்டு, உங்களுக்குப் பயமே வராதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வரும் அம்மா. அன்றைக்குப் பள்ளிக்கூட வாசல் மண்ணில் உட்கார்ந்திருந்தபோது வந்த பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஓட்டை இல்லாத வண்டி

முன் கேரியர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

ஆம்பூரில் கம்பெனியிலிருந்து ஷூ அப்பர்களை வாங்கி வந்து, வீடு வீடாகக் கொடுத்து, கையால் தைத்து வாங்கி, திரும்பக் கம்பெனியில் சேர்ப்பது என் வேலை. அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் மடியில் அது இருக்கும். எதிரே டிவி ஓடும், ஊசி தன் பாட்டுக்குப் போய்வரும். இத்தனை பேர் தைத்ததை ஒருத்தி சுமக்க வேண்டுமே, அந்த ஒருத்தி நான்.

வண்டி, வேலூர் பாகாயத்தில் தங்கிப் படித்த ஒரு பெண் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. சாம்பல் நிறம், கியர் வைத்தது. எனக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. யாழினி பள்ளிக்கூடம் சேர்ந்ததும் பின் கேரியரில் அவளுக்குச் சீட் மாட்டினோம். பண்டலுக்கு இடம் இல்லாமல் போனது. கைப்பிடியில் தொங்கவிட்டால் முழங்காலில் இடிக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

முன்னால் மாட்டுகிற கேரியர் ஒன்றை வாங்கிக்கொண்டு சைக்கிள் கடை பாயிடம் போனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல மாட்ட ஓட்டையே இல்லம்மா. கம்பெனிக்காரன் வழியே விடல."

சாதாரண வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவில் இரண்டு பக்கமும் நட்டு இருக்கும். கேரியரின் கம்பிக் கால்களை அதில் கோத்து முடுக்கிவிட்டால் ஆயிற்று. என் வண்டியில் நட்டுக்குப் பதில் ஒரு லீவர். அதைத் திறந்தால் சக்கரமே கையோடு வந்துவிடும். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கால்களை போர்க் என்கிறார்கள். என் வண்டியின் போர்க் மழமழவென்று இருந்தது. ஒரு காது இல்லை, ஒரு துளை இல்லை.

"மாட்ட முடியாதும்மா. பாப்பாவ ஆட்டோல அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு பாய் பஞ்சர் பார்க்கப் போய்விட்டார். நான் கேரியரைத் தூக்கிக்கொண்டு புலம்பியபடி வீட்டுக்கு வந்தேன்.

எல்லாவற்றுக்கும் உறை

என் வீட்டுக்காரர் குமரேசன் கம்பெனியில் அப்பர் தைக்கிற லைனில் இருக்கிறார். அவர் தையல் கோடு போட்ட மாதிரி இருக்கும். கம்பெனியில் மிஞ்சுகிற துண்டுத் தோலை வாங்கி வந்து, கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் உறை தைப்பார்.

இது அவருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. தோல் கம்பெனிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். டிவி ரிமோட்டுக்கு உறை, சாவிக்கு உறை, கேஸ் லைட்டருக்கு உறை. எங்கள் வீட்டில் ஒருமுறை தோசைக்கல் கைப்பிடிக்கும் தைத்துப் போட்டார். முதல் தோசைக்கே வீடெல்லாம் கருகல் நாற்றம். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "இன்னா, யார் முடியக் கொளுத்துற?" என்று கேட்டார்.

நான் குடியாத்தத்துக்காரி. நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டில் எதற்கும் உறை கிடையாது. தறியில் ஒரு இழை அறுந்தால் அப்போதே துணியில் கோடு விழும். நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே ஓட்ட முடியும். கல்யாணமான புதிதில் இவர் ரிமோட்டுக்குச் சட்டை தைப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. பிறகு பழகிவிட்டது. பழகியதோடு நிற்கவில்லை, பிடித்தும் போய்விட்டது. புது மிக்ஸி வாங்கினால் நானே "இதுக்கு ஒண்ணு தைங்களேன்" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

என் புலம்பலைக் கேட்ட ஞாயிற்றுக்கிழமையே அவர் சைக்கிளையும் கேரியரையும் வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோனார். யாரிடமோ டிரில் மெஷின் இரவல் வாங்கியிருந்தார். சாயந்திரம் கூப்பிட்டுக் காட்டினார். போர்க்கின் இரண்டு காலிலும் ஓட்டை போட்டு, கேரியரை போல்ட் வைத்து முடுக்கியிருந்தார்.

எனக்குத் திக்கென்றது. "வண்டில ஓட்டையா போட்டீங்க?" என்றேன்.

"ஓட்ட போட்டா பலம்டி. ஷூல நாக்கு வர்ற எடத்துல கீறி உடுறோம்ல, அந்தக் கீறல் முடியிற முனைல ரவுண்டா ஒரு ஓட்ட போடுவோம். இன்னாத்துக்கு? அதுக்கு மேல கிழியக் கூடாதுன்னு. ரவுண்டா இருந்தா எதுவும் கிழியாது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. தோலைப் பொறுத்தவரை அவர் சொன்னது நிஜமும்கூட. இரும்புக் குழாய் அதே மாதிரி நடந்துகொள்ளுமா என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ஓட்டையும் போல்ட்டும் வெளியே தெரிவது அவருக்குப் பொறுக்கவில்லை. பழுப்புத் தோலை நனைத்து, ஈரத்தோடு இழுத்து, போர்க்கைச் சுற்றி நெருக்கமாகத் தைத்தார். ஷூவை அச்சில் இழுத்து மாட்டுகிற அதே வேலைதான். காய்ந்ததும் தோல் இறுகிக் குழாயோடு பிறந்த மாதிரி ஆகிவிட்டது. போல்ட்டின் தலை மட்டும் பொட்டு மாதிரி தெரிந்தது. தெருவே வந்து பார்த்தது. கம்பெனி கேட்டில் ஒரு சூப்பர்வைசர் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "யார் வேலைம்மா இது?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழைக்காலம் வந்தது, போனது. உறை நனைந்தது, காய்ந்தது, நிறம் கொஞ்சம் கருத்தது. தையல் அப்படியே இருந்தது. பிறகு மிதிக்கும்போது முன்னால் 'கிரிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கேரியர் கம்பிதான் உரசுகிறது என்று இருந்துவிட்டேன்.

பிரித்தபோது

அன்று அவருக்கு செகண்ட் ஷிப்ட். வீட்டில் இருந்தார். பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தபடி போன் போட்டேன். "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றுதான் ஆரம்பித்தேனாம். அப்படி ஆரம்பித்தால் கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்? லுங்கியோடு கிடைத்த ஆட்டோவில் ஏறி வந்துவிட்டார். லுங்கி கட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாத மனிதர் அவர்.

வகுப்பு ஜன்னல் வழியாக யாழினியைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தார். போர்க்கின் இடது கால் உறைக்குள்ளேயே ஒடிந்திருந்தது. உறை கிழியவில்லை. ஒடிந்த இரண்டு துண்டையும் அதுதான் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை.

எதிர்க் கடையில் பிளேடு வாங்கி வந்து தையலை அறுத்தார். தோல் பிரிந்ததும் உள்ளிருந்து செம்மண் தண்ணீர் மாதிரி வழிந்தது. மழை நின்று எவ்வளவோ நாளாகியும் உள்ளே ஈரம் இருந்தது. ஓட்டையைச் சுற்றிக் குழாய் கருத்து, செதில் செதிலாக அரித்துப் போயிருந்தது. ஒடிந்த வாயைத் திருப்பிக் காட்டினார். முக்கால்வாசி வட்டம் துரு ஏறிப் பழசாகத் தெரிந்தது. ஒரு ஓரத்தில் மட்டும், விரல் நகம் அகலத்துக்கு, இரும்பு வெள்ளையாக மின்னியது. அதுதான் அன்று காலை ஒடிந்த இடம்.

அந்த நகம் அகலத்தை நம்பித்தான் நாங்கள் மேம்பாலம் இறங்கியிருக்கிறோம். யாழினி ஸ்பீடு, ஸ்பீடு என்று கத்தியது அதன் மேல் உட்கார்ந்துகொண்டுதான். வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன், பல் கிட்டுகிறது.

அவரைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான் திட்ட ஆரம்பித்தால் எங்கள் தெரு நாய்கூட எழுந்து போய்விடும், அது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அன்றைக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் உதடு வெளுத்துப் போயிருந்தது. அந்தத் தோலைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "மஞ்சு" என்றார்.

எடுக்காத போன்

மஞ்சு என் தங்கை. குடியாத்தத்தில் ஒரு பவர் லூம் ஷெட்டில் வேலை செய்கிறாள். மதியம் வேலை முடிந்ததும், நெய்த லுங்கிக் கட்டைச் சைக்கிளின் முன்னால் வைத்து, அங்கன்வாடியிலிருந்து மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஆற்றுப்பாலத்தைத் தாண்டி மடிப்புக் கூடத்தில் கட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இந்த மாதிரி பண்ணிக் குடு மாமா" என்றாள். இவரும் அடுத்த லீவிலேயே போய்ப் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவளுடையது சாதாரண லேடீஸ் சைக்கிள், சக்கரத்தில் நட்டு இருக்கிற வண்டி.

"அவளுக்கு நட்டுலதான மாட்டுனீங்க?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினார்.

"நட்டு இருக்கசொல்லோ இன்னாத்துக்கு ஓட்ட போட்டீங்க?"

"நட்டுல மாட்டுனா கம்பி வெளிய தெரியும். அவ உன்னுது மாதிரியே வேணும்னு கேட்டா."

காலையிலிருந்து எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியெல்லாம் நடந்து முடிந்ததைப் பற்றியது. இது அப்படி இல்லை. என் தங்கை இன்னும் சில மணி நேரத்தில் அந்த வண்டியில் ஏறப் போகிறாள், அவள் மகன் பின்னால் உட்காரப் போகிறான்.

போன் போட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று தெரியும். ஷெட்டில் தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். போன் பையோடு ஆணியில் தொங்கும். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், பெங்களூர் தாண்டி எங்கோ இருந்தார். ஷெட் முதலாளி நம்பர் எங்களிடம் இல்லை.

சிதறிய பண்டலையும் உடைந்த வண்டியையும் அந்த ஆட்டோக்காரரே ஏற்றிக்கொண்டார். "கம்பெனில நான் குடுத்துர்றேன், வண்டிய உங்க வூட்ல போட்டுர்றேன். நீங்க கெளம்புங்கம்மா" என்றார். சாயந்திரம் யாழினியைக் கூட்டிவரப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, பேர்ணாம்பட்டு வழியாகக் குடியாத்தம் போகிற பஸ்ஸில் ஏறினோம்.

அந்த பஸ் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கை காட்டிய இடத்தில் எல்லாம் நின்றது. நான் ரிங் முடிந்ததும் மறுபடி, முடிந்ததும் மறுபடி என்று போட்டுக்கொண்டே இருந்தேன். இவர் பக்கத்தில் லுங்கியோடு, மடியில் அந்தத் துருப்பிடித்த தோலை வைத்துக்கொண்டு, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, யாராச்சும் ஆஸ்பத்திரில இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லண்ணா. சைக்கிளு" என்றேன்.

அவர் அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

ஆற்றுப்பாலம்

ஷெட்டுக்குள் ஓடினோம். தரையே அதிர்ந்துகொண்டிருந்தது. மஞ்சு நிற்கிற தறியில் வேறொரு பெண் நின்றாள். என்னை அடையாளம் தெரிந்து, வாசல் பக்கம் கையைக் காட்டி, "இப்பதான் போனா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ஆணியில் பை இல்லை. மறுபடி போன் போட்டேன், அப்போதும் எடுக்கவில்லை.

அங்கன்வாடிக்குப் போகவா, பாலத்துக்குப் போகவா என்று நின்று யோசிக்க நேரம் இல்லை. எந்த வழியில் போனாலும் அவள் பாலத்தின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கடைத்தெருவில் எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

பாலம் ஏறுகிற இடத்தில் அவள் தெரிந்தாள். முன்னால் லுங்கிக் கட்டு, பின்னால் பையன், ஏறி மிதித்து வேகம் எடுத்துக்கொண்டிருந்தாள். இவர் குறுக்கே போய்க் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார்.

மஞ்சு எங்களைப் பார்த்தாள். மாமா லுங்கியில், அக்கா வெறுங்காலில். அவள் முகம் செத்துப்போனது.

"இன்னா மாமா? யாருக்கு இன்னா ஆச்சி? அம்மாவுக்கா?"

"பையன எறக்கு" என்றார்.

நான் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவன் உடம்பு வெயிலில் கொதித்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பாலத்து ஓரத்தில் நின்று ஓவென்று அழுதேன். மஞ்சு ஒன்றும் புரியாமல் என்னோடு சேர்ந்து அழ ஆரம்பித்தாள். இவர் எதையும் கவனிக்காமல் ரோட்டில் முட்டிபோட்டு, பிளேடை எடுத்து உறையின் தையலை அறுத்தார்.

தோல் மெத்தென்று இருந்தது. என்னுடையதைவிடப் பளபளப்பு. பிரித்தபோது உள்ளே அதே செம்மண் தண்ணீர். ஓட்டையிலிருந்து ஒரு கோடு, தலைமுடி மாதிரி, குழாயைச் சுற்றிப் பாதி வரை ஓடியிருந்தது. இவர் அதில் நகத்தை வைத்தார். லைனில் தோல் சொட்டையைப் பார்க்க எல்லாரும் நகத்தால்தான் தடவிப் பார்ப்பார்கள். நகம் உள்ளே இறங்கியது.

அவர் நகத்தை எடுக்காமல் அப்படியே இருந்தார். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றிப் போனது.

என்ன நடந்ததென்று நான் மஞ்சுவுக்குச் சொன்னேன். பள்ளிக்கூட வாசல், மேம்பாலம், நகம் அகலம், எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. அவள் கேட்டுக்கொண்டே மெதுவாகப் பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளா முன்னாடி சத்தம் வந்துச்சிக்கா" என்றாள். "ஒரே பேஜாரா இருந்துச்சி. பிரிச்சிப் பாக்கலாம்னுதான் கத்திரி எடுத்தேன். அப்புறம் மனசு வரல. மாமா தச்சது. பிரிச்சா அந்த மாதிரி திருப்பித் தைக்க இங்க யாரால முடியும்? அதான் தேங்கா எண்ண உட்டேன். வெள்ளிக்கெழமையானா தொடச்சி எண்ண உடுவேன்."

இவர் அதைக் கேட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. மூன்று பேரும் வண்டியைத் தூக்கிக்கொண்டே மஞ்சு வீட்டுக்கு நடந்தோம். தள்ளிக்கொண்டு போகக்கூட எங்களுக்குத் தைரியம் இல்லை.

அசிங்கமான கேரியர்

மஞ்சு வண்டிக்குப் புது போர்க் போட்டு, கேரியரை நட்டிலேயே மாட்டிவிட்டார்கள். கம்பி வெளியேதான் தெரிகிறது.

என் வண்டியைப் பாய் கடையில் விட்டோம். ஒடிந்த போர்க்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கே கிளாம்ப் போட்டுக் குடுத்து இருக்கலாம்மா. கடைல கூட்டம் ஜாஸ்தி. வேல இழுக்கும்னு மாட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். புது போர்க்கின் ஒவ்வொரு காலைச் சுற்றியும் இரண்டு பாதியாகச் சேர்த்து முடுக்கிய இரும்பு வளையம், வழுக்காமல் இருக்க நடுவில் பழைய டியூப் ரப்பர். அந்த வளையத்தில் கேரியரின் காலை முடுக்கினார். மேல்பக்கத்தை வளைத்த பட்டையில் கைப்பிடியோடு கோத்துவிட்டார். ஒரு ஓட்டையும் போடவில்லை. மேலே கறுப்பு ரப்பர் பிதுங்கிக்கொண்டு பார்க்கவே அசிங்கமாக இருக்கும். யாரும் நின்று பார்ப்பதில்லை.

தெருவில் யாராவது "உறை போடலியா?" என்று கேட்டால் இவர் எழுந்து உள்ளே போய்விடுவார். ரிமோட், லைட்டர் எல்லாவற்றின் உறையையும் ஒருநாள் அவரே கழற்றிப் போட்டுவிட்டார். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

அடுத்த முறை நாங்கள் குடியாத்தம் போனபோது, பாலத்தில் அறுத்த தோல் துண்டுகள் இரண்டையும் மஞ்சு எடுத்துக்கொண்டு வந்தாள். கழுவிக் காயவைத்திருந்தாள்.

"மாமா, இதுல எனக்கு ஒரு போன் பை தச்சிக் குடு. இடுப்புல கட்டிக்கிற மாதிரி."

அவர் கையை நீட்டவில்லை. "வேணாம் மஞ்சு" என்றார்.

"தறி ஓடசொல்லோ ரிங்கு கேக்காது மாமா. இடுப்புல அதிர்ந்தா தெரியும். அன்னிக்கு அக்கா எத்தினி தபா போன் போட்டுச்சி."

தோலை வாங்கி நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, ஊசி கேட்டு வாங்கினார். பழைய தையல் ஓட்டைகளிலேயே திரும்ப நூலை விட்டுத் தைத்தார். புதிதாக ஒன்றும் குத்தவில்லை. அதற்குப் பிறகு இதுவரை அவர் வீட்டில் தைத்தது அது ஒன்றுதான்.

இப்போது மேம்பாலம் இறங்கும்போது நான் பிரேக்கை விடுவதில்லை. யாழினியும் ஸ்பீடு கேட்பதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிடுகிறேன். முதுகில் பை ஆடிக்கொண்டே அவள் உள்ளே போய் மறைந்ததும், அங்கேயே நின்று மஞ்சுவுக்குப் போன் போடுகிறேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறாள். பின்னால் தறிகள் ஓடுகிற இரைச்சல்.

"இன்னாக்கா?" என்று கத்துகிறாள்.

"ஒண்ணுமில்லடி" என்கிறேன். அவளுக்குக் கேட்டிருக்காது. அந்த இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். அவளும் போனை வைப்பதில்லை.